வீடற்றோர்க்கு இடங்கொடுத்தல்: குளிரிலும் கொடும் வெயிலிலும்



சரீர இரக்கச் செயல்கள் ஏழையும் ஞானோபதேச வகுப்பிலே மனப்பாடஞ் செய்யாதவர் நம்மில் மிகச் சிலரே. பசித்தோர்க்கு உணவளித்தல், தாகமுற்றோர்க்குத் தண்ணீர் கொடுத்தல், ஆடையில்லாதோர்க்கு ஆடை கொடுத்தல் என்று வரிசையாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். இவற்றுட் பலவற்றை நாம் ஓரளவுக்குச் செய்தும் வருகிறோம். ஒரு சோற்றுப் பார்சலைப் படலையடியில் வைத்தே கொடுத்துவிடலாம். பழைய உடுப்புகளைப் பொதியாகக் கட்டிப் பங்குக் குருவானவரிடம் அனுப்பிவிடலாம். ஆனால், வீடற்றவருக்கு இடங்கொடுக்க வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் நமது கூரையின் கீழே வந்து படுக்க வேண்டும். ஏழு செயல்களுள் நாம் அதிகம் பின்போடுவது இதுவாகவே இருக்கிறது.

சாதாரண நாட்களில் இதைப் பின்போடுவதால் வீதியிலே படுப்பவர் துன்பப்படுவார். உறைகுளிர் நாட்களிலும் கொடும் வெயில் நாட்களிலும் பின்போட்டால் அவர் இறந்துபோவார். ஆகவேதான் உலகின் பெரிய நகரங்கள் பலவற்றில் அந்நாட்களுக்கென்று விசேட தங்குமிடங்கள் திறக்கப்படுகின்றன. அப்படியிருந்தும் கட்டில்கள் உள்ள நகரங்களிலேயே மனிதர் வெளியே கிடந்து சாகிறார்கள். இது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பாடத்தின் நோக்கம்.

1. குளிரும் வெயிலும் உடலுக்குச் செய்வது

மனித உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆபத்து ஆரம்பமாகிறது. முதலில் நடுக்கம் எடுக்கும். பின்னர் பேச்சுக் குழறும், கைகால்கள் தடுமாறும், எண்ணம் மந்தமாகும். உடல் மேலும் குளிர்ந்தால் நடுக்கமும் நின்றுவிடும். சாகுந் தறுவாயில் சிலர் தமக்குச் சூடாயிருப்பதாக உணர்ந்து, உடுத்திருப்பவற்றைக் கழற்றி எறிவதும் உண்டு. வீதியால் போகிறவர்கள் இத்தகையவரைக் கண்டு, "குடித்துவிட்டுக் கிடக்கிறான்" என்று எண்ணிக் கடந்துபோய்விடுவார்கள். மது உடலைச் சூடாக்கும் என்பதும் தவறான நம்பிக்கையே. அது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. தோல் சூடானது போலத் தோன்றும்; உள்ளே இருக்கும் வெப்பமோ வெளியேறிக்கொண்டிருக்கும்.

இன்னுமொன்றைக் கவனியுங்கள். குளிரினால் இறப்பதற்குத் தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிர் வேண்டியதில்லை. நனைந்த உடையும் வீசுங் காற்றும் வெறும் வயிறும் சேர்ந்தால், 5 அல்லது 10 பாகைக் குளிரே ஒரு முதியவரின் உயிரைக் குடிக்கப் போதுமானது.

வெயிலோ வேறு விதமாகக் கொல்கிறது. உடல் வியர்வையினால் தன்னைத் தணித்துக்கொள்ள முயல்கிறது. இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புவதற்காக இருதயம் ஓயாமல் உழைக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டாலும், காற்றிலே ஈரப்பதன் மிகுந்து வியர்வை உலராவிட்டாலும் உடலின் உள்வெப்பம் ஏறும். அது 40 பாகையைத் தாண்டும்போது மூளை கலங்குகிறது. மனநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகள் சில, வியர்ப்பதையும் உடல் தன்னைத் தணித்துக்கொள்வதையும் தடைசெய்கின்றன. வீதியில் வாழ்வோருள் இம்மருந்துகளை உட்கொள்வோர் பலர். பகலில் வெந்த உடல் இரவிலே ஆற வேண்டும். இரவும் வெப்பமாயிருந்தால் அந்த ஆறுதலும் கிடையாது.

குளிரானாலும் வெயிலானாலும் முதலிலே கெடுவது ஒருவரின் தீர்மானிக்குஞ் சக்திதான். தங்குமிடத்துக்கு எழுந்து போகவேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டிய அந்த மனமே மங்கிவிடுகிறது. "அழைத்தோம், வரவில்லை" என்று சொல்லி நமது கடமையை முடித்துக்கொள்ள முடியாதென்பதற்கு இது முதற் காரணம்.

2. வெப்பமானியைப் பார்த்துத் திறக்கும் கதவு

நியூயோர்க்கில் மாலை 4 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையே குளிர் 0 பாகைக்கு இறங்கும் நாட்களில், வீடற்ற எவரையும் திருப்பி அனுப்பாமல் உள்ளே எடுக்க வேண்டுமென்ற விதி உண்டு. இங்கிலாந்திலும் கடுங்குளிருக்கான அவசர ஏற்பாடு ஒன்று நடைமுறையில் இருக்கிறது. முன்னர் அங்கே பல இடங்களில், அடுத்தடுத்து மூன்று இரவுகள் 0 பாகைக்கு இறங்கும் என்று முன்னறிவித்தால் மாத்திரமே கதவு திறக்கும். முதலிரவிலேயே ஒருவர் விறைத்துப் போவாரானால் என் செய்வது என்ற கேள்வி எழுந்தது. இப்போது இலண்டனில் ஓர் இரவு அப்படி இறங்கும் என்றாலே திறக்கிறார்கள்.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரிலும் இதே படிப்பினைதான். முன்பு உறைநிலைக்குக் கீழே 15 பாகை என்ற அளவு வந்த பின்னரே விசேட ஏற்பாடுகள் செய்யப்பட்டன. வீடற்றோருக்காகப் பேசியவர்கள் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாக அந்த அளவு படிப்படியாக மாற்றப்பட்டு, உறைநிலைக்குக் கீழே 5 பாகை என்றாகியது.

ஓர் அளவு வைக்காமல் எந்த நகரசபையும் நிர்வாகம் நடத்த முடியாதென்பது உண்மைதான். எனினும் அந்த அளவு உத்தியோகத்தரின் வசதிக்காக வைக்கப்பட்டது. நனைந்த கம்பளியோடு கிடக்கும் கிழவரின் உடல் அதை அறியாது. கதவு மூடியிருக்கும் 2 பாகை இரவிலும் அவர் வெளியேதான் கிடக்கிறார்.

3. வெயிலுக்கும் கூரை வேண்டும்

பனியிலே நடுங்குகிறவரைக் கண்டால் எவர் மனமும் இரங்கும். வெயிலிலே கிடப்பவரைக் கண்டு இரங்குவோர் குறைவு. "நிழலில் போய் இருக்கலாமே" என்று எண்ணிவிடுகிறோம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரைப் பாருங்கள். பாலைவனத்திலே அமைந்த நகரம் அது. 2023-ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாட்கள் அங்கே வெப்பம் 43 பாகை செல்சியசை எட்டியது அல்லது தாண்டியது. பல இரவுகளில் அது 32 பாகைக்குக் கீழே இறங்கவேயில்லை. தார் வீதியிலே மயங்கி விழுந்தவர்கள் தீக்காயங்களோடு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். பீனிக்ஸ் அடங்கியுள்ள மரிக்கோப்பா மாவட்டத்தில் அவ்வாண்டு வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 645 என்று அரச அதிகாரிகள் கணக்கிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 45 பேர் வரையில் வீடற்றவர்கள்.

குளிரூட்டப்பட்ட கட்டடங்கள் அந்நகரிலே ஏராளம். நூல்நிலையங்களும் சனசமூக மண்டபங்களும் பகலிலே மக்களுக்குத் திறந்துதான் இருந்தன. மாலையானதும் அவை பூட்டப்பட்டன. இரவின் வெப்பமோ குறையவில்லை. 2024-இல் நகரசபை சில மண்டபங்களை இரவிலும் திறந்துவைக்கத் தொடங்கியது. வின்சென்ட் டி போல் சபையினர் ஏழைகளுக்கு உணவு பரிமாறும் தமது மண்டபங்களை வெயிலுக்கு ஒதுங்கும் இடங்களாகவும் பயன்படுத்துகின்றனர். 1833-இல் பாரிஸ் நகர மாணவர் சிலர் பிரெடெரிக் ஓசனாமோடு சேர்ந்து தொடங்கிய சபை இது. நமது பங்குகளிலும் இதற்குக் கிளைகள் உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள். ஏழையின் வீட்டுக்கே நேரிற் போய்ச் சந்திப்பது இச்சபையின் ஆதிவழக்கம்.

வெயில் விஷயத்தில் இன்னொரு பாடத்தையும் மறக்கலாகாது. 1995 ஜூலையில் சிக்காகோ நகரில் சில நாட்கள் அடித்த வெப்ப அலையால், வழமையிலும் பார்க்க 739 பேர் அதிகமாக இறந்தனர். அவர்களுட் பலர் வீடு உள்ளவர்கள். ஆனால் தனியாக வாழ்ந்த முதியவர்கள். கள்வருக்குப் பயந்து யன்னல்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். கதவைத் தட்டிப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. தலைக்கு மேலே கூரை இருந்தும், தேடி வர ஆளில்லாமற் போனதே அவர்களுக்கு வந்த கேடு.

4. றோமாபுரியில் இரு மரணங்கள்

1783-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ந் திகதி, பெரிய வாரப் புதன்கிழமை. பிரான்ஸ் தேசத்திலே பிறந்து, துறவற மடங்கள் பலவற்றால் ஏற்றுக்கொள்ளப்படாமல், கோயில் கோயிலாக யாத்திரை செய்து, றோமாபுரியின் பழைய கொலோசியம் இடிபாடுகளிலே பல காலம் படுத்துறங்கிய ஒரு பிச்சைக்காரர், சாந்தா மரியா தேயி மொந்தி ஆலயத்தருகே மயங்கி விழுந்தார். கந்தல் உடை, பேன் பிடித்த உடல், வயது 35. அயலிலே வசித்த இறைச்சி வியாபாரி ஒருவர் அவரைத் தமது வீட்டுக்குத் தூக்கிச் சென்று கட்டிலிலே கிடத்தினார். அன்றிரவே அவர் அங்கு உயிர்நீத்தார். 1881-இல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். வீடற்றோரின் பாதுகாவலராகிய புனித பெனெதிக்து யோசேப்பு லாபர் அவரே.

ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பின், 1983 ஜனவரி 31-ந் திகதி, அதே றோமாபுரியின் தெர்மினி புகையிரத நிலையத்திலே மொடெஸ்தா வலெந்தி என்னும் 71 வயது மூதாட்டி நோய்வாய்ப்பட்டு விழுந்தார். அவருக்கும் வீடு இல்லை. அம்புலன்ஸ் வண்டி அழைக்கப்பட்டு வந்தது. அவர் அழுக்காயிருக்கிறார், உடலிலே பேன் இருக்கிறது என்று சொல்லி, அதிலே வந்தவர்கள் அவரை ஏற்ற மறுத்தார்கள். யார் பொறுப்பெடுப்பது என்ற இழுபறியில் மணித்தியாலங்கள் கழிந்தன. மூதாட்டி அங்கேயே இறந்துபோனார்.

இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதில் வைத்திய வண்டியில்லை, மருத்துவ வசதியில்லை. ஆனால் தூக்கிச் செல்ல ஒருவர் இருந்தார். இரண்டாவதில் வண்டி வந்தது, நகரிலே பெரிய வைத்தியசாலைகள் இருந்தன. ஆனால் தொடுவதற்கு ஒருவரும் இல்லை. இரண்டு உடலிலும் இருந்தது ஒரே அழுக்குத்தான்.

மொடெஸ்தாவை அறிந்திருந்த சந்த் எஜீடியோ சமூகத்தினர் ஆண்டுதோறும் திருப்பலியில் அவரையும் வீதியில் இறந்த ஏனையோரையும் பெயர் சொல்லி நினைவுகூருகின்றனர். றோமாபுரி நகரசபை பின்னர் இன்னொன்றும் செய்தது. விலாசம் இல்லாதவருக்கு அடையாள அட்டையுமில்லை, குடும்ப வைத்தியருமில்லை. ஆகவே, வீடற்றோரைப் பதிவதற்கென "மொடெஸ்தா வலெந்தி வீதி" என்று ஒரு விலாசம் ஏற்படுத்தப்பட்டது. நகர வரைபடத்தில் அப்படியொரு வீதியை நீங்கள் காண முடியாது. ஆயினும், அந்தப் பெயரிலே பதியப்பட்ட பலர் மருந்தும் உதவியும் பெறும் உரிமையை அடைந்திருக்கிறார்கள்.

5. அழைத்தும் வராதிருப்பது ஏன்?

தங்குமிடங்களை நடத்துவோர் எங்கும் சொல்லும் காரணங்கள் இவை. கணவன் ஒரு மண்டபத்துக்கும் மனைவி இன்னொரு மண்டபத்துக்கும் பிரிக்கப்படுகிறார்கள். வீதியிலே தனக்கு ஒரே துணையாயிருக்கும் நாயை வெளியே விடச் சொல்கிறார்கள். உள்ளதெல்லாம் அடங்கிய இரண்டு பைகளைக் கொண்டுவர விடமாட்டார்கள். விட்டாலும் களவு போகும் என்ற பயம். விடியற்காலையிலே எழுப்பிக் குளிருக்குள் அனுப்பிவிடுவார்கள். அடையாள அட்டை கேட்பார்கள். குடித்திருந்தால் எடுக்கமாட்டார்கள். முன்பு அங்கே அடியும் அவமானமும் பட்ட ஞாபகம் சிலருக்கு. தன்மேல் வீசும் நாற்றத்தை நினைத்து வெட்கம் சிலருக்கு.

இந்தக் கடைசிக் காரணம் சிறிதல்ல. 2014-இல், பாப்பரசர் பிரான்சிசின் தானதர்மங்களுக்குப் பொறுப்பாயிருந்த பேராயர் கொன்ராட் கிறயெவ்ஸ்கி, வீடற்ற ஒருவரின் 50-வது பிறந்தநாளன்று அவரை உணவகத்துக்கு அழைத்தார். தம்மில் நாற்றம் வீசுவதால் வர இயலாது என்று அவர் மறுத்தார். அதிலிருந்து பிறந்த யோசனைதான், புனித பேதுரு சதுக்கத்துத் தூண்வரிசையருகே 2015 பெப்ரவரியில் திறக்கப்பட்ட குளிப்பறைகளும் சவர நிலையமும். அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆண்களுக்கான இராத்தங்குமடம் ஒன்று அயலிலே திறக்கப்பட்டது. அன்னை தெரேசாவின் சகோதரிகள் அதைப் பொறுப்பேற்றனர். 2019 நவம்பரில், சதுக்கத்துக்குப் பக்கத்திலுள்ள மில்யோரி மாளிகையும் வீடற்றோருக்குக் கொடுக்கப்பட்டது. அதை விடுதியாக்கி வருமானம் பெறலாம் என்ற யோசனையும் இருந்தது. 2025-இல் காலமான பாப்பரசர் பிரான்சிஸ் ஏழைகளுக்கே அது என்று தீர்மானித்திருந்தார்.

2017 ஜனவரியில் இத்தாலியிலே கடுங்குளிர் வந்தபோது நடந்ததையும் அறிந்துகொள்ளுங்கள். தங்குமடங்கள் இரவும் பகலும் திறந்துவிடப்பட்டன. அதற்கும் வரமாட்டோம் என்றவர்களுக்கு, கடுங் குளிரைத் தாங்கும் படுக்கைப் பைகள் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டன. தாம் வழமையாகப் படுக்கும் இடத்தைவிட்டு நகர விரும்பாதோர் உள்ளே படுத்துறங்குவதற்காக, தானதர்ம அலுவலகத்தின் மோட்டார் வண்டிகள் திறந்துவிடப்பட்டன. நமது விதிகளுக்கு அமைந்து வருபவருக்கு மாத்திரமே உதவி என்று அங்கே சொல்லவில்லை. வராதவர் எங்கே இருக்கிறாரோ, கதவு அங்கே கொண்டுபோகப்பட்டது.

6. ஓர் இரவு போதுமா?

தங்குமடம் உயிரைக் காக்கும். ஆனால் அது வீடாகாது. பின்லாந்து தேசம் இதனை உணர்ந்து 2008 முதல் வேறு வழியிற் சென்றது. முதலிலே ஒழுங்காக நட, குடியை விடு, பின்னர் வீடு தருவோம் என்பது பழைய முறை. முதலிலே வீட்டைக் கொடுப்போம், மற்றவற்றை அங்கிருந்தபடியே சீர்செய்வோம் என்பது புதிய முறை. ஹெல்சிங்கி நகரில் இரட்சணிய சேனையார் நடத்திய பெரிய இராத்தங்குமடம், ஆளுக்கொரு சிறு வீடாகத் திருத்தி அமைக்கப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் அந்நாட்டில் 15,000-க்கு மேற்பட்ட வீடற்றோர் இருந்தனர். 2023-இல் அத்தொகை 3,500-க்கும் குறைவாகியிருந்தது. வீட்டுக் கதவின் திறப்பு ஒருவர் கையில் இருந்தால், குளிருக்கும் வெயிலுக்கும் விசேட ஏற்பாடு செய்யும் தேவையே குறைந்துவிடுகிறது.

7. நமது கடமை

நமது பகுதியிலே பனி பெய்வதில்லை. எனினும் பங்குனி, சித்திரை வெயிலின்போது வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுப்பதை நாம் பத்திரிகைகளில் வாசிக்கிறோம். பஸ் நிலையத்திலும் சந்தைக் கொட்டிலிலும் கோயில் வாசலிலும் படுத்திருக்கும் சிலரையாவது நாம் தினமும் காண்கிறோம். வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகளோ உறைகுளிரில் வேலைக்குப் போகும் வழியிலே இத்தகையோரைத் தாண்டிச் செல்கிறார்கள்.

இடங்கொடுத்தல் என்றால் என்னவென்று மற்றெவரும் நமக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30-ந் திகதி இரவு, கொட்டும் மழையிலே வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த மக்கள் நாமே. பாடசாலைகளும் ஆலயங்களும் நிரம்பி வழிந்தன. முன்பின் அறியாதவர்கள் வீட்டு விறாந்தைகளைத் திறந்துவிட்டார்கள். "வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று அன்று சொன்னவர்களை, அந்த நாட்களைக் கண்டவர்கள் இன்றும் மறக்கவில்லை. அன்று எவரும் நம்மிடம் அடையாள அட்டை கேட்கவில்லை.

ஆகவே இவற்றைச் செய்யலாம்:

– கடும் வெயில் நாட்களில் பங்கு மண்டபத்தையோ ஆலய விறாந்தையையோ திறந்துவைத்து, குடிதண்ணீரும் பாயும் வைக்கலாம். பிற்பகல் முழுவதும், தேவையானால் இரவிலும் அது திறந்திருக்கட்டும்.

– வெயிலில் மயங்கியவரை நிழலுக்குக் கொண்டுவந்து, உடலை நனைத்து, விசிறுங்கள். நினைவோடு இருந்தால் மாத்திரம் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். பிதற்றினாலோ நினைவிழந்தாலோ தாமதியாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிடுங்கள்.

– குளிர்நாடுகளில் உள்ளவர்கள், குளிரில் விறைத்தவரைக் காற்றுப்படாத இடத்துக்கு மெதுவாகக் கொண்டுவந்து, நனைந்த உடையைக் களைந்து, முதலில் நெஞ்சையும் வயிற்றையும் போர்த்துச் சூடாக்க வேண்டும். கைகால்களைத் தேய்க்கவோ மது கொடுக்கவோ வேண்டாம். உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும்.

– வீதியில் உள்ளவரின் பெயரைக் கேட்டறியுங்கள். ஒரே நாளில், ஒரே நேரத்தில் மறுபடியும் போங்கள். அறிந்த முகம் அழைத்தால் வரும் மனிதர், அறியாத சீருடை அழைத்தால் வரமாட்டார்.

– தனியாக வாழும் முதியவரின் கதவையும் அந்நாட்களில் தட்டிப் பாருங்கள்.

அந்நியனாக வந்த தம்மை ஏற்றுக்கொண்டீர்களா என்ற கேள்வியே கடைசி நாளிலே நம்மிடம் கேட்கப்படும் என ஆண்டவர் முன்கூட்டியே அறிவித்திருக்கிறார். அன்று எத்தனை பாகை வெப்பம், எத்தனை பாகை குளிர் என்று அவர் கேட்கப்போவதில்லை.

கலந்துரையாடலுக்கு:

(அ) நமது பங்கிலே இரவில் வெளியே படுப்பவர் யார் யார்? அவர்களின் பெயர் நமக்குத் தெரியுமா?

(ஆ) நமது மண்டபம் வருடத்தில் எத்தனை இரவுகள் பூட்டிக் கிடக்கிறது? அதைத் திறப்பதற்கு நமக்குள்ள தடைகள் எவை? அவற்றுள் எவை உண்மையான தடைகள்?

(இ) அழைத்தும் வராத ஒருவரைத் தேடி நாம் போவதானால், முதலிலே எதை மாற்ற வேண்டும்: அவரையா, நமது விதியையா?